கயிற்றின் மேல் கயிறு

வம்பாகீரப்பாளையம் கரையில் ஒருவன் வீசிய தூண்டில் கயிற்றின் மேல் இன்னொருவன் கயிறு விழுந்தால், மேலே விழுந்த கயிற்றுக்காரன் தன் கயிற்றை அறுத்துவிடவேண்டும். இழுக்கக்கூடாது. சுற்றக்கூடாது. கொஞ்சம் பொறு என்று சொல்லக்கூடாது. அறுத்த முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, 'எங்க வூட்டுத் தப்பு' என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். கீழே கிடந்த கயிற்றுக்காரன் 'ஆச்சு' என்றால் அதோடு தீர்ந்தது. மறுநாள் இரண்டு பேரும் ஒரே பையிலிருந்து வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு கயிறும் ஈயக்குண்டும் போவதற்காக ஏற்பட்ட வழக்கம் இல்லை இது. படுத்திருப்பவனைத் தாண்டிப் போனால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். கயிறு என்பது ஒருவன் கடலுக்குள் நீட்டி வைத்திருக்கும் கை. அதன் மேல் மிதிக்க எவனுக்கும் உரிமை கிடையாது. கயிறு தாண்டிய வழக்கு எப்போது வந்தாலும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். என் தகப்பனார் தீர்த்து வைத்தார். அவருக்குப் பிறகு தெய்வநாயகம் ஆகிய நான் தீர்த்து வைக்கிறேன். பிரெஞ்சுக்காரன் கொடி பறந்தபோதும் வந்தார்கள், அந்தக் கொடி இறங்கிய பிறகும் வந்தார்கள். தீர்ப்பு ஒன்றுதான்.

அதை ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே மிதித்தார். அவர் எனக்குச் சம்பந்தி ஆகவேண்டியவர்.

என் மகள் அஞ்சலாட்சிக்கு அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் வந்தன. இரண்டையும் நான்தான் நிறுத்தினேன். முதல் இடத்தார் நல்ல நாள் குறித்த செய்தியைத் தாங்கள் வந்து சொல்லாமல், சந்தைக்கு வந்த எவனிடமோ சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது மாப்பிள்ளையின் மாமன் என் வீட்டுக்கு வந்தவர், காய வைத்திருந்த வலையின் மேல் செருப்புக் காலோடு நின்று பேசினார். இரண்டும் சரியான காரணங்கள். இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் பெண்ணுக்கு வயது இருபத்து மூன்று ஆகிவிட்டது. என் மனைவி தில்லையம்மாள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு, அடுப்போடு பேச ஆரம்பித்திருந்தாள்.

மூன்றாவதாக வந்தவன் இராமதாஸ். மில்லில் வேலை. நல்ல பையன், நிமிர்ந்து பார்த்துப் பேசுவான். நான் அஞ்சலாட்சியிடம் அவனைப் பற்றிக் கேட்டபோது, நான் கேட்டு முடிப்பதற்குள் "சரிப்பா" என்றாள். அந்த அவசரமே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஆனி மாதம் பரிசம் போட்டோம். ஆவணியில் கல்யாணம்.

இராமதாஸின் தகப்பனார்தான் அரிகிருஷ்ணன். தேங்காய்த்திட்டில் பிறந்தவர், எங்கள் ஜனம்தான். சின்ன வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா என்ற சிப்பாயாகப் போய், சைகோனில் இருந்துவிட்டு, பென்சனோடு திரும்பி நெல்லித்தோப்பில் வீடு கட்டிக்கொண்டவர். ஊரில் உள்ளவர்கள் அவரை 'முசியே' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். 'அண்ணே' என்று கூப்பிட்டால் காது கேட்காது.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பந்தல்காரனைப் பற்றிப் பேச வந்ததாகச் சொன்னார். பந்தல்காரனைப் பற்றிப் பேசக் கால்சட்டையும் தொப்பியும் எதற்கு, நீளமான உறைக்குள் ஒரு தூண்டில் கழி எதற்கு என்று நான் கேட்டிருக்கவேண்டும். நான் வீட்டில் இல்லை. நான் கரையில் இருப்பதாகத் தில்லையம்மாள் சொல்ல, நேரே அங்கேயே வந்துவிட்டார்.

வெயில் சாய்ந்த நேரம். புயலில் உடைந்துபோன பழைய கப்பல் துறைப் பாலத்துக்குத் தெற்கே, இரும்புக் கால்கள் மட்டும் கடலுக்குள் நின்றுகொண்டிருக்கும் இடத்துக்கு எதிரில் நான் கயிறு போட்டிருந்தேன். அங்கே இரண்டு மணல் திட்டுகளுக்கு நடுவில் தண்ணீர் கறுத்துக் கிடக்கும். கொடுவா மீன் வந்து மேயும் இடம் அது.

எங்கள் வீட்டு வீச்சு தலைக்கு மேல் சுழற்றும் வீச்சு இல்லை. அது வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காக வீசுகிறவன் வேலை. பக்கத்தில் நிற்பவன் மண்டை உடையும். நாங்கள் ஈரமணலில் கயிற்றை வளையம் வளையமாக இடுவோம். கடைசியாக இட்ட வளையம் மேலே கிடந்து முதலில் போகவேண்டும். இடதுகையில் கயிறு தளர்வாக இருக்கும். வலதுகையில் ஒரு முழம் விட்டு ஈயக்குண்டு தொங்கும். அலை உடைந்து கரை ஏறித் திரும்பும்போது, அந்தத் தண்ணீரின் பின்னாலேயே நடந்து இறங்கவேண்டும். குண்டை இடுப்புக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் ஆட்டி, கை தோள் உயரத்துக்கு ஏறுகிற அந்த நொடியில் விட்டுவிடவேண்டும். பலம் கையில் இல்லை, குதிகாலில் இருக்கிறது. அடுத்த அலை எழும்புவதற்குள் குண்டு அதன் முதுகுக்குப் பின்னால் விழுந்திருக்கும். பிறகு பின்னால் நடந்து வந்து, கயிற்றின் அடிமுனையைச் சவுக்குக் குச்சியில் கட்டிவிட்டு, ஆள்காட்டி விரலைக் கயிற்றின் மேல் வைத்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அடியில் நண்டு ஊர்ந்தால்கூட விரலுக்குத் தெரியும்.

அப்படித்தான் நின்றிருந்தேன். எனக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் பாவாடை நின்றிருந்தான். பங்காளி முறையில் எனக்கு மகன் ஆகவேண்டியவன்.

"என்னா சம்பந்தி, இன்னும் கைக்கயிறுதானா?" என்று கேட்டுக்கொண்டே அரிகிருஷ்ணன் வந்தார்.

"கை இருக்குதே சம்பந்தி" என்றேன்.

உறையைக் கழற்றினார். பளபளவென்று ஒரு கழி, அதன் அடியில் ஒரு சக்கரம், சக்கரம் நிறைய நைலான் நரம்பு. மண்ணில் ஒரு பெட்டியை வைத்துத் திறந்தார். இறால் ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம், கொக்கி ஒரு பக்கம்.

"இந்தச் சக்கரம் மூலினே. பாரீஸ்லேர்ந்து வந்தது. வெரல எடுத்தா போதும், கண்ணு எட்டாத எடத்துல போய் வுழும்."

"கண்ணு எட்டாத எடத்துல வுழுந்தா, யாரு கயித்து மேல வுழுதுன்னு எப்படித் தெரியும்?"

அவர் எனக்குத் தெற்கே போய் நின்றார். அது தவறு. ஆவணியில் நீரோட்டம் தெற்கேயிருந்து வடக்கே ஓடும். காற்றும் அப்படியே. தெற்கே நிற்பவனுடைய கயிறு மிதந்து மிதந்து வடக்கே நிற்பவன் கயிற்றின் மேல்தான் வந்து சேரும். கனமான ஈயம் போட்டால் ஒழிய அது நிற்காது.

"அந்தாண்ட போய் நில்லுங்க சம்பந்தி. பாவாடைக்கு வடக்க எடம் இருக்குது. நீரோட்டம் தெக்கேர்ந்து வருது."

"அங்க ஒரே மீன் செதிலு. இங்கியே இருக்கட்டும்."

"அப்ப ஈயம் கனமாப் போடுங்க."

"சைகோன் ஆத்துல வீசுனவன் சம்பந்தி நான்."

"அது ஆறு" என்றேன்.

காய்ந்த மணலிலேயே நின்றுகொண்டு வீசினார். அலையைப் பார்க்கவில்லை, காற்றைப் பார்க்கவில்லை. கழியைத் தலைக்குப் பின்னால் சாய்த்து ஒரு வீச்சு. உண்மையைச் சொல்லவேண்டும், தூரம் போனது. நான் வீசியதற்கு அப்பால் போய் விழுந்தது. ஆனால் அவ்வளவு நீள நரம்பும் ஆகாயத்திலேயே காற்றில் வயிறு தள்ளி வடக்கே வளைந்தது. சின்ன ஈயம் மண்ணில் பிடிக்காமல் நீரோட்டத்தோடு உருண்டது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும் நேரம்கூட ஆகவில்லை, என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. என் கயிற்றின் மேல் ஒரு சுமை வந்து உட்கார்ந்து, உராய்ந்து, நின்றது.

"சம்பந்தி, உங்க நரம்பு எங்கயித்து மேல கெடக்குது."

"பர்தோன், பர்தோன். இதோ சுத்திடறேன்."

"சுத்தாதீங்க."

"ஏன்?"

"சுத்துனா நைலான் பருத்திக் கயித்த அறுத்துடும். அது கெடக்கட்டும். இங்க வழக்கம் வேற. நீங்கதான் அறுத்துடணும்."

"எத அறுக்கணும்?"

"உங்க நரம்ப."

அவர் சிரித்தார். "நீங்க தமாஷ் பண்ற ஆளுன்னு எனக்கு யாருமே சொல்லலியே சம்பந்தி."

"நான் தமாஷ் பண்றதில்ல."

"அது வாஸ்தவம் முசியே" என்றான் பாவாடை, தன் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அருகில் வந்தபடி. "பெரிப்பா பொறந்ததுலேர்ந்து பண்ணதில்ல. அறுத்துடுங்க. எனக்கும் அப்டித்தான் சொன்னாரு."

அவன் சொன்னது உண்மை. அந்த வருஷம் பங்குனியில் பாவாடையின் கயிறு என் கயிற்றைத் தாண்டியது. வேண்டுமென்று செய்யவில்லை, கால் வழுக்கியது. அவன் கொக்கியில் அப்போது மீன் வேறு மாட்டியிருந்தது. அவன் வீட்டில் அன்றைக்கு அந்த மீன் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "அறு" என்றேன். அறுத்தான். சொல்லவேண்டியதைச் சொன்னான். "ஆச்சு" என்றேன். அன்று மாலை என் வீட்டிலிருந்து அரிசி போனது. அதை அவன் மனைவி திருப்பி அனுப்பினாள். அதற்காக நான் அவளைக் குறை சொன்னதில்லை.

இப்போது அந்தப் பாவாடை என் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பங்குனியில் அறுக்கச் சொன்னவன் ஆவணியில் பொறுத்துக்கொண்டால், பங்குனியில் நான் சொன்னது தீர்ப்பு இல்லை. இல்லாதவன் மேல் காட்டிய திமிர். என் தகப்பனார் சொன்ன தீர்ப்புகள் எல்லாம் அதோடு சேர்ந்து மண்ணாகிவிடும். இதை நான் யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. விளக்கிச் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது.

"அறுங்க" என்றேன்.

"யோவ், இன்னாய்யா இது" என்றார் அவர். சம்பந்தி என்ற வார்த்தை அங்கே போய்விட்டது. "ஒரு நரம்பு மேல ஒரு நரம்பு வுழுந்துடுச்சி. எடுத்தா போச்சி. இதுக்குப் பஞ்சாயத்தா?"

அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பெரிய கடைச் சந்தையில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிய பெண்கள் நின்றார்கள். கூடையைத் தலையிலிருந்து இறக்காமலேயே செல்வாம்பாள் பேசினாள். அவள் வாய்க்கு அந்தக் கரையில் எதிர்வாய் கிடையாது.

"பொண்ணு குடுக்கறவரும் எடுக்கறவரும் இப்டிக் கயிறு பின்னிக்கினு நிக்கறாங்களே. தாலிய இங்கியே கட்டிக்கப் போறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அரிகிருஷ்ணனுக்கு முகம் சிவந்தது. சிரிப்பு அவரைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று அவருக்குப் புரியவில்லை. புரியாத கோபம் வாய்க்கு வந்தது.

"எம் புள்ள ஆசப்பட்டான்னுதான் இந்த நாத்தத்துல வந்து நிக்கறேன். இல்லன்னா இந்தக் குப்பத்துல எனக்கு இன்னா வேல?"

எனக்குள் இருந்த மரியாதை அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்தது.

"தேங்காய்த்திட்டுச் சேத்துல உங்கப்பாரு எறா தடவிப் புடிச்சாரு. நான் பாத்திருக்கறேன். நல்ல மனுசன். அவர் கை நாத்தம் உங்க பென்சன்ல போயிடுமா?"

"எங்கப்பன இழுக்காத."

"நீங்க என் ஊர இழுத்தீங்க. கேளுங்க. இந்த நரம்ப நீங்க அறுக்கலன்னா, வர்ற பொதன்கெழம கல்யாணம் இல்ல."

எனக்குப் பின்னால் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பாமலேயே தெரிந்தது, தில்லையம்மாள் வந்துவிட்டாள் என்று. யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குப் பக்கத்தில் அஞ்சலாட்சி.

அரிகிருஷ்ணன் கழியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அத நீ சொல்ல முடியாது. பரிசம் போட்டாச்சி. சபையில உங்க ஆளுங்கதான் எழுந்து நின்னு சொன்னாங்க, இன்னியிலேர்ந்து இவ உங்க வூட்டுப் பொண்ணுன்னு. இல்லியா? எங்க வூட்டுப் பொண்ண நிறுத்தி வெக்க நீ யாரு?"

"நான் அவ அப்பன்."

"அப்பன்தான். இல்லன்னு சொல்லல. ஆனா வூடு எது?"

சபையில் அப்படிச் சொன்னது உண்மை. சொல்லச் சொன்னதும் நான்தான். அதுவும் எங்கள் வழக்கம். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டதில் கோபம் இன்னும் ஏறியது.

தில்லையம்மாள் என் முழங்கையைப் பிடித்தாள். பொது இடத்தில் அவள் என்னைத் தொட்டது அதற்கு முன் கிடையாது. "இது மூணாவது சம்பந்தங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இதையும் கெடுத்துட்டா அவ எங்க போவா?"

"நீ வூட்டுக்குப் போ."

"நரம்பு போனா நரம்பு வாங்கலாம்."

"அத அங்க போய்ச் சொல்லு. அறுக்கவேண்டியவரு அவரு."

அஞ்சலாட்சி எங்கள் இருவர் கையிலிருந்தும் தண்ணீருக்குள் போகிற அந்த இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசப் புடவை கட்டியிருந்தாள். சம்பந்தி வீட்டுக்கு வருகிறார் என்று கட்டியிருக்கவேண்டும்.

அந்த நேரத்தில் மீன் கவ்வியது.

என் விரல்தான் முதலில் அறிந்தது. ஆனால் என் கொக்கியில் இல்லை. என் கயிறு பக்கவாட்டில் இழுபட்டது. அதே நொடியில் அவருடைய கழி முனை தண்ணீரை நோக்கிக் குனிந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. உடைந்த பாலத்தின் கால்களுக்கு இந்தப் பக்கம் கொடுவா ஒன்று உடம்பு முழுக்க மேலே வந்து, வாயை உதறி, திரும்ப விழுந்தது. ஒரு சின்னப் பிள்ளை நீளம் இருக்கும். கூட்டம் முழுவதும் ஒரே குரலில் ஓ என்றது.

அரிகிருஷ்ணன் எல்லாவற்றையும் மறந்தார். கால்சட்டை நனைய முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் நைலான் என் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. விரல் வழியாக ஒவ்வொரு இழையும் விடுபடுவது எனக்குத் தெரிந்தது. ஐந்து கடலோரக் கிராமங்களுக்குத் தெரியும்படி என் தகப்பனார் நிலைநிறுத்திய வழக்கத்தை, இந்த மனிதர் ஒரு மீனுக்காக என் கண் முன்னால் இழை இழையாக அறுத்துக்கொண்டிருந்தார்.

"அறுங்க" என்றேன்.

"இந்த மீன வெச்சிக்கினா? பைத்தியமா உனக்கு?"

"எனக்கும் மீன் இருந்துச்சி முசியே" என்றான் பாவாடை. அவன் குரலில் கிண்டல் இல்லை. "நான் அறுத்தேன்."

"நீ அறுப்ப. நீ இவரு கரையில பொழைக்கறவன்." அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தார். மீன் மாட்டியவனுக்கு வரும் சிரிப்பு அது. "எனக்கு ரெண்டு கையும் வேலயா இருக்குதுப்பா. அறுத்தே ஆவணும்னா எங்க வூட்டுலேர்ந்து யாராச்சும் வந்து அறுக்கட்டும். நெல்லித்தோப்புக்கு ஆள அனுப்புங்க."

யாரோ சிரித்தார்கள். பாவாடை சிரிக்கவில்லை. அவன் நேர்மையானவன், கிண்டலையும் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னான். "வூட்டாளு அறுத்தாலும் செல்லும். போன வருசம் கிருஷ்ணசாமி மாமா கரையில மயங்கி வுழுந்தப்ப, அவரு தம்பிதான் வந்து அறுத்தாரு. பெரிப்பாவே ஒத்துக்கினாரு."

"அப்ப போய் இட்டுக்கினு வா. மெதுவா வா" என்றார் அரிகிருஷ்ணன்.

அஞ்சலாட்சி நடந்தாள். தில்லையம்மாள் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தாள், கை கிடைக்கவில்லை. மணலில் திறந்து கிடந்த பெட்டிக்குப் போய், குனிந்து கத்தியை எடுத்தாள். அரிகிருஷ்ணன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "கத்தி வேணாம்மா, அந்தப் பெரிய கொக்கிய எடு. மீனக் கரை ஏத்தணும்" என்றார். அவள் தண்ணீரில் இறங்கினாள். புடவை நனைந்தது. கழி முனைக்கு முன்னால் போய், விறைத்து நின்ற நரம்பின் மேல் கத்தியை வைத்தாள். அறுக்கவேண்டிய தேவைகூட இல்லை. தொட்டதும் போய்விட்டது.

கழி மேலே துள்ளியது. அரிகிருஷ்ணன் இரண்டடி பின்னால் போய் அலை நுரையில் உட்கார்ந்தார். தொப்பி மிதந்தது. என் விரலின் கீழ் கயிறு ஒரு தரம் பலமாக இழுத்து, பிறகு தளர்ந்தது.

கழி முனையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த நரம்பை அஞ்சலாட்சி எட்டிப் பிடித்தாள். கரைக்குத் திரும்பினாள். என் எதிரில் வந்து நின்றாள்.

"எங்க வூட்டுத் தப்பு" என்றாள்.

நான் யாருக்கும் தலை குனியாதபடி வளர்த்த பெண். பள்ளிக்கூடத்தில் ஒரு கன்னியாஸ்திரி அவளை முட்டி போடச் சொன்னாள் என்பதற்காக அவளை அங்கிருந்து அழைத்துக்கொண்டு வந்தவன் நான். அவள் இன்னொரு வீட்டின் தப்பைத் தன் தப்பாக எடுத்துக்கொண்டு, ஊர் பார்க்க என் முன்னால் நின்றாள். அதுவும் என் சட்டப்படி, ஒரு எழுத்துக்கூடத் தவறாமல். 'ஆச்சு' என்பது பாவாடையிடம் எவ்வளவு சீக்கிரம் சொன்ன வார்த்தை. இப்போது வாய் திறக்க மறுத்தது.

"இவ யாரு?" அரிகிருஷ்ணன் எழுந்துவிட்டார். உப்புத் தண்ணீர் மீசையிலிருந்து சொட்டியது. "எந் நரம்ப அறுக்க இவ யாரு?"

"நல்லா கேட்டீங்க" என்றாள் செல்வாம்பாள். கூடையை இப்போதுதான் தலையிலிருந்து இறக்கினாள். "யாருன்னு நீங்களே சொல்லுங்க. கேட்டுக்கறோம்."

அரிகிருஷ்ணன் கூட்டத்தைப் பார்த்தார், கையிலிருந்த கழியைப் பார்த்தார், அஞ்சலாட்சியைப் பார்த்தார். யாரோ ஒருத்தி என்று சொல்லலாம். சொன்னால் பரிசம் அவர் வாயால் முறிந்தது. நெல்லித்தோப்பில் அவர் மகன் முகத்தில் விழிக்கவேண்டும்.

"நீங்கதான் சொன்னீங்க மாமா" என்றாள் அஞ்சலாட்சி. "எங்க வூட்டுப் பொண்ணுன்னு. நான் கேட்டுக்கினுதான் இருந்தேன். வூட்டாளு வந்து அறுக்கட்டும்னும் சொன்னீங்க."

நரம்பைப் பிடித்த கை இறங்கவில்லை.

அவர் கால்சட்டையில் ஒட்டிய மணலை ஒரு கையால் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, பல்லில் சிக்கியதைத் துப்புவது போல, "எம் மருமவ" என்றார். தட்டுவதை நிறுத்திவிட்டு, "வூட்டுக்கு வந்ததும் மொதல்ல கத்தியெல்லாம் எடுத்து ஒளிச்சி வெக்கணும்" என்றார்.

கூட்டம் சிரித்தது. செல்வாம்பாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாவாடை தலையைத் திருப்பிக்கொண்டான். நான் சிரிக்கவில்லை. அஞ்சலாட்சியும் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சொல்லுங்க" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. வழக்குக்கு வந்தவர்கள் அப்படிச் சொல்லுவதில்லை.

"ஆச்சு" என்றேன்.

அவள் பிடித்திருந்த நரம்பில் ஒரு முழம் வெட்டி என் கையில் கொடுத்தாள். கத்தியை அலையில் அலம்பி, முந்தானையில் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினாள். அரிகிருஷ்ணன் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு, மேட்டை நோக்கி நடந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்கு இரண்டடி பின்னால் அஞ்சலாட்சி நடந்தாள், மாமனாருக்குப் பின்னால் ஒரு மருமகள் எப்படி நடப்பாளோ அப்படி. பாதி வழியில் அவர் திரும்பி, பெட்டியைக் கொடு என்பது போலக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"இப்ப உங்களுக்குத் திருப்தியா?" என்றாள் தில்லையம்மாள்.

"வழக்கப்படி முடிஞ்சுது."

"யாரு கேட்டா வழக்கத்த" என்று சொல்லிவிட்டு, அவளும் அவர்களுக்குப் பின்னால் விறுவிறுவென்று போனாள்.

கூட்டம் கலைந்தது. நான் கயிற்றை இழுத்தேன். ஈயக்குண்டோடு மெதுவாக வந்தது. நடுவில் ஒரு கை நீளத்துக்கு நைந்து, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டால் வீசும்போது வளையத்தில் மாட்டும். முடிச்சு விழுந்த கயிற்றை எங்கள் வீட்டில் யாரும் வீசியதில்லை. நைந்த இடத்தை வாயில் வைத்துக் கடித்து அறுத்தேன்.